அப்பாவை மருந்து ஆய்வில் சேர்க்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. விசைத்தறியில் வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். போன மாதம் மூச்சு வாங்கி, கால் வீங்கி, படுத்துத் தூங்கவே முடியாமல் போனதால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். எக்கோ எடுத்துப் பார்த்து, ஹார்ட் பம்பிங் 30 சதவீதம்தான் என்றார்கள். இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் ஒரு மருந்து ஆய்வைப் பற்றிச் சொல்லி, தமிழில் அச்சடித்த ஒரு கட்டுப் பேப்பரைக் கொடுத்தார். பாதிப் பேருக்குப் புது மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையாம். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். பரிசோதனையெல்லாம் இலவசம், வந்துபோகும் செலவும் தருவார்களாம். "உசிரைக் காப்பாத்தின டாக்டர் கேக்கிறார், கையெழுத்துப் போட்டுடலாம்" என்கிறார் அப்பா. "ஏழைன்னா சோதனை எலியா?" என்று தம்பி சண்டை போடுகிறான். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த தடவை போகும்போது சரியாகப் பார்ப்பார்களா என்று எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியாகச் சொன்ன பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தீராமல் மற்றதை அமைதியாக யோசிக்க முடியாது. வேண்டாம் என்று சொல்ல உங்கள் அப்பாவுக்கு முழு உரிமை உண்டு. காரணம் சொல்ல வேண்டியதில்லை. சேர்ந்த பிறகு பாதியில் விலகவும் அதே உரிமை உண்டு. விலகினாலும் மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது என்பது சட்டம். உங்கள் கையில் இருக்கும் பேப்பர் கட்டிலேயே அது எழுதப்பட்டிருக்க வேண்டும், தேடிப் பாருங்கள். ஒருவேளை இல்லையென்றால் வேறு யோசனையே வேண்டாம், அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து, ஆய்வை ஒரு பக்கம் வைத்துவிட்டு டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்து அப்பாவின் மாத்திரைகளைப் பாருங்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம்.

பம்பிங் 30 சதவீதம் என்றதும் இதயத்தில் 70 சதவீதம் போய்விட்டது என்று பலர் கலங்கிப்போகிறார்கள். அப்படி இல்லை. நல்ல இதயமே ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் உள்ள ரத்தத்தில் 55 முதல் 70 சதவீதம் வரைதான் வெளியே தள்ளும். உங்கள் அப்பாவுடையது அதில் ஏறக்குறைய பாதி வேலை செய்கிறது. இந்த நிலையில் ஆயுளைக் கூட்டும் என்று உறுதியாகத் தெரிந்த மருந்து வகைகள் இன்று நான்கு இருக்கின்றன. முதலாவது எனலாப்ரில், ராமிப்ரில் போன்றவை, அல்லது அவற்றுக்குப் பதிலாக வந்த சகுபிட்ரில்–வல்சார்டன். இரண்டாவது மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், கார்வெடிலால் ஆகிய பீட்டா பிளாக்கர்களில் ஒன்று. மூன்றாவது ஸ்பைரோனோலாக்டோன் அல்லது எப்ளெரினோன். நான்காவது டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். கால் வீக்கத்துக்குத் தரும் 'தண்ணி மாத்திரை' இந்தக் கணக்கில் வராது. அது மூச்சுத்திணறலையும் வீக்கத்தையும் இறக்கும், அவ்வளவுதான்.

இந்த நான்கில் எது இருக்கிறது, எது இல்லை என்று பாருங்கள். இல்லாததற்குக் காரணம் இருக்கலாம். ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கலாம், சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருக்கலாம், பொட்டாசியம் ஏறியிருக்கலாம், அல்லது ஒவ்வொன்றாகத் தொடங்கலாம் என்று டாக்டர் நினைத்திருக்கலாம். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ஆனால் கேட்காமல் விடாதீர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013-இல் இதயச் செயலிழப்புடன், அதாவது உங்கள் அப்பாவைப் போல இதயத்தால் போதிய ரத்தத்தைத் தள்ள முடியாத நிலையில், மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். அவர்களின் சராசரி வயது 61, உங்கள் அப்பாவின் வயதுதான். மேற்கு நாடுகளில் இந்த நோய் வருகிறவர்கள் இவர்களை விடப் பத்து வயதாவது மூத்தவர்கள். பம்பிங் குறைந்தவர்களில் அன்றைக்குத் தேவையான மூன்று வகை மருந்துகளையும் சேர்த்துப் பெற்று வீட்டுக்குப் போனவர்கள் நான்கில் ஒருவர்தான். அந்தப் பதிவும் மருத்துவ ஆராய்ச்சிதான். யாருக்கும் புது மருந்து கொடுக்காமல், நடப்பதை மட்டும் எழுதி வைத்தார்கள். நாம் எங்கே கோட்டை விடுகிறோம் என்று அது காட்டியது.

நான்காவது வகை மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது முதலில் சர்க்கரை நோய்க்கு வந்த மாத்திரை. "எனக்குத்தான் சுகரே இல்லையே, எதுக்கு இது?" என்று அதை மட்டும் ஒதுக்கிவிடுகிற நோயாளிகளை நான் வாராவாரம் பார்க்கிறேன். 2019-இல் வெளியான டாபா–எச்எஃப் ஆய்வில் 4,744 பேர் இருந்தார்கள், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அவர்களுக்கும் பலன் அதே அளவுதான். 2020-இல் காப்புரிமை முடிந்ததும் நம் நாட்டிலேயே பல கம்பெனிகள் தயாரித்து விலையும் நன்றாக இறங்கிவிட்டது. அப்பாவுக்கு அது எழுதப்பட்டிருந்தால் விடாமல் சாப்பிடட்டும்.

சரி, இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஏழைகளிடம் சரியாகச் சொல்லாமல் கையெழுத்து வாங்கியதாகவும், ஆய்வில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை என்றும் வழக்குகள் போய், 2013-இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகத் தலையிட்டது. அதற்குப் பிறகுதான் விதிகள் இறுகின. இப்போது நடைமுறையில் இருப்பவை புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், 2019. தம்பி மாதிரி ஆட்கள் சண்டை போட்டதால் வந்த பாதுகாப்பு இது. அதனால் அவரை வீட்டில் அடக்காதீர்கள், அடுத்த முறை மருத்துவமனைக்கு அவரையும் அழைத்துப் போங்கள்.

ஆனால் 'சோதனை எலி' என்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மை விட்டுப்போகும். அப்பாவின் சீட்டில் உள்ள ஒவ்வொரு மாத்திரையும் யாரோ ஒருவர் எங்கோ கையெழுத்துப் போட்டதால் வந்ததுதான். பீட்டா பிளாக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். பலவீனமான இதயத்துக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்றுதான் ஒரு காலத்தில் மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தளர்ந்த இதயம் அட்ரீனலின் உதவியால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, அதையும் தடுத்தால் நின்றுவிடும் என்பது வாதம். கேட்டால் சரியாகத்தான் படும். 1975-இல் ஸ்வீடனில் கோத்தன்பர்க் நகரில் ஃபின் வாக்ஸ்டைனும் அவருடைய குழுவும் ஏழு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, அவர்கள் தேறுவதாக எழுதினார்கள். அன்று பெரும்பாலானோர் நம்பவில்லை. நம்பாததும் தவறில்லை, ஏழு பேரை வைத்து ஊருக்கெல்லாம் மருந்து எழுத முடியாது. 24 வருடம் கழித்து, 1999-இல், மெரிட்–எச்எஃப் என்ற ஆய்வு வந்தது. 3,991 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மெட்டோப்ரோலாலும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். வெற்று மாத்திரைப் பக்கம் 217 பேர் இறந்தார்கள், மருந்துப் பக்கம் 145 பேர். கால் நூற்றாண்டு விவாதம் அதோடு முடிந்தது. நாங்கள் இன்று யோசிக்காமல் அந்த மாத்திரையை எழுதுகிறோம் என்றால் அந்த 3,991 பேரால்தான்.

இதைப் படித்ததும், "அப்போ வெற்று மாத்திரை கிடைச்சவங்க ஏமாந்தாங்களா?" என்று தோன்றும். அதற்குத்தான் இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு இதயம் இடையிடையே தாறுமாறாக ஒரு துடிப்பு துடிக்கும். அப்படித் துடிக்கிறவர்கள் திடீரென்று இறப்பது அதிகம் என்று எங்களுக்குத் தெரியும். அந்தத் துடிப்பை அடக்கும் என்கைனைட், ஃப்ளெகைனைட் என்ற மருந்துகள் வந்தன. இ.சி.ஜி.யில் அவை வேலை செய்வது கண்ணுக்கே தெரிந்தது. துடிப்பு அடங்கினால் மரணமும் குறையும் என்று மருத்துவர்கள் நம்பி எழுதினார்கள். சோதித்துப் பார்க்கலாம் என்று அமெரிக்காவில் 'காஸ்ட்' என்ற ஆய்வைத் தொடங்கியபோது, நல்ல மருந்தை வைத்துக்கொண்டு பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை கொடுப்பது அநியாயம் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். 1989-இல் அந்த இரண்டு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 1,500 பேரில், மருந்து சாப்பிட்டவர்களில் 63 பேரும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 26 பேரும் இறந்திருந்தார்கள். துடிப்பை அடக்கிய மருந்தே ஆளைக் கொன்றுகொண்டிருந்தது. ஆய்வு நடக்காமல் போயிருந்தால் உலகம் முழுக்க நல்லெண்ணத்தோடு அதை எழுதிக்கொண்டே இருந்திருப்போம், இறந்தவர்களின் வீட்டில் 'ஹார்ட் வீக்காக இருந்தது' என்று சொல்லியிருப்போம்.

ஆக, எந்தப் பக்கம் நல்ல பக்கம் என்று தொடங்கும்போது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஆய்வை நடத்தவே கூடாது. டாக்டருக்கும் எந்த மாத்திரை என்று தெரியாமல் வைப்பது உங்களை ஏமாற்ற அல்ல. அவருடைய ஆசை முடிவுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக. அவசரம் என்றால் அப்பாவுக்குக் கொடுத்தது எது என்று உடனே திறந்து பார்க்க வழி வைத்திருப்பார்கள். நடுவில் கணக்கைப் பார்த்துக்கொண்டே வரும் தனிக் குழுவும் பெரிய ஆய்வுகளுக்கு உண்டு. காஸ்ட்டை நிறுத்தச் சொன்னது அப்படிப்பட்ட குழுதான். ஸ்பைரோனோலாக்டோன் ஆய்வை 1998-இல் முன்கூட்டியே நிறுத்தியதும் அப்படித்தான், ஆனால் அங்கே காரணம் நேர்மாறானது. மருந்து அத்தனை தெளிவாக உயிர் காத்ததால், மீதிப் பேருக்கு அதைத் தராமல் தொடர்வது முறையல்ல என்று முடிவெடுத்தார்கள்.

நம் ஊர் ஆட்களை ஏன் சேர்க்க வேண்டும், வெளிநாட்டிலேயே செய்யக் கூடாதா என்றும் தம்பி கேட்கலாம். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டவர்கள் எங்கள் வார்டுக்கு இன்னும் வருகிறார்கள், பெரும்பாலும் இளம் பெண்கள். பணக்கார நாடுகளில் அந்த நோய் அநேகமாக மறைந்துவிட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் புது மாத்திரைகள் வந்தபோது நடந்த பெரிய ஆய்வுகளில் இப்படி வால்வு சுருங்கியவர்களைச் சேர்க்கவில்லை. புதியதுதான் நல்லதாக இருக்கும் என்று பலரும் எண்ணினோம். அப்புறம் இந்தியா உட்பட 24 நாடுகளில் 4,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளோடு இன்விக்டஸ் ஆய்வு நடந்து, 2022-இல் முடிவு வந்தது. அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவைப்படும் பழைய வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களில்தான் இறப்பு குறைவு. இந்த விடையை நமக்காக வேறு யாரும் கண்டுபிடித்துத் தந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொல்வதால் அப்பா சேர்ந்தே ஆக வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்றைத் தெளிவாக மனதில் வையுங்கள்: ஆய்வின் நோக்கம் உங்கள் அப்பாவைக் குணப்படுத்துவது அல்ல. ஒரு கேள்விக்கு விடை காண்பது. அவருக்கு அதனால் நன்மை வரலாம், ஒன்றும் நடக்காமல் போகலாம், கெடுதலும் வரலாம். 'புது மருந்து, வெளிநாட்டு மருந்து, வெளியே வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும்' என்று யாராவது ஆசை காட்டினால் அது தவறான பேச்சு. அதே போல நன்றிக்காகவும் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் அப்பாவின் மனசு எனக்குப் புரிகிறது. எங்கள் நோயாளிகளில் பலர் இப்படித்தான், டாக்டர் எதைக் கேட்டாலும் மறுக்கத் தெரியாது. ஆனால் அவரைக் காப்பாற்றியது அந்த டாக்டரின் கடமை. அதற்கு அப்பா திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை. வைத்தியம் பார்க்கிறவரே ஆய்வையும் நடத்துகிறார் என்றால், சம்மதம் கேட்கும்போது சம்பந்தமில்லாத இன்னொரு டாக்டரிடமும் பேச வாய்ப்புக் கேட்பது நல்லது. அதைக் கேட்டால் நல்ல டாக்டர் யாரும் முகம் சுளிக்க மாட்டார்.

கையெழுத்து அப்பாவுடையது. அவர் நினைவோடு தெளிவாக இருக்கிறார், அதனால் நீங்களோ தம்பியோ அவருக்காகப் போட முடியாது, அவர் சரி என்றால் நீங்கள் தடுக்கவும் முடியாது. உட்கார்ந்து பேசலாம். அவருக்குப் படிக்கச் சிரமம் என்றால், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக இருந்து, முழுவதும் வாசித்துக் காட்டப்படுவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். டிஸ்சார்ஜ் நேர அவசரத்தில் போட வேண்டிய கையெழுத்து இல்லை இது. பேப்பரை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள் என்பது நல்ல அறிகுறி. போட்ட பிறகு ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும்.

அந்தப் பேப்பரில் பதிவு எண் ஒன்று இருக்கும், சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் பதிவேடு அது. 2009 ஜூன் முதல் இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். தம்பி போனிலேயே தேடிப் பார்க்கலாம், காசு கிடையாது. எந்தக் கம்பெனி பணம் போடுகிறது, எந்தெந்த ஊரில் நடக்கிறது, எத்தனை பேர், எத்தனை காலம், எந்தக் கட்டம் என்பதெல்லாம் இருக்கும். மூன்றாம் கட்டம் என்றால் அதற்கு முன்பே சிறு எண்ணிக்கையில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டார்கள் என்று பொருள். முதல் இரண்டு கட்டம் என்றால் இன்னும் நிறையக் கேட்க வேண்டும். பதிவு எண்ணே இல்லை என்றால் கையெழுத்து வேண்டாம்.

அதே பேப்பரில், ஆய்வு முறையானதுதானா என்று பார்த்து அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர் கொண்ட குழு அது. சட்டம் தெரிந்தவர், பொதுமக்களில் ஒருவர், ஒரு பெண் உறுப்பினர் எல்லாம் இருந்தாக வேண்டும், பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். கம்பெனிக்கும் ஆய்வு நடத்தும் டாக்டருக்கும் உள்ள பண ஒப்பந்தமும் அவர்கள் பார்வைக்குப் போகும். சந்தேகம் என்றால் நீங்களே கூப்பிட்டுப் பேசலாம், அந்த எண் அதற்குத்தான்.

பண விஷயம். ஆய்வு மாத்திரையும் அதற்கான பரிசோதனைகளும் இலவசமாக இருக்க வேண்டும், பயணச் செலவு தருவதும் முறைதான். வேலைக்குப் போகிற மகள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அப்பாவை அழைத்து வருவதற்கு ஈடு கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் செலவுக்கு மேல் பெருந்தொகை பேசினால் யோசிக்க வேண்டும். ஆய்வினால் உடம்புக்கு ஏதாவது ஆனால் சிகிச்சை இலவசம், நிரந்தரப் பாதிப்போ இறப்போ ஏற்பட்டு அது ஆய்வோடு தொடர்புடையது என்று தெரிந்தால் இழப்பீடும் தர வேண்டும். வழக்கமான சிகிச்சை இருந்தும் அதைக் கொடுக்காமல் வெற்று மாத்திரை மட்டும் கொடுத்ததால் கெடுதல் வந்தாலும் இதே விதி பொருந்தும். மோசமான விளைவு எதுவானாலும் 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்து அதிகாரிகளுக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் டாக்டர் தெரிவித்தாக வேண்டும்.

அதனால் அடுத்த முறை போகும்போது நான் சொன்ன நான்கு வகை மாத்திரைகளும் ஆய்வில் சேர்ந்தாலும் தொடருமா என்று முதலில் கேளுங்கள். புது மாத்திரை அவற்றுக்கு மேல் கூடுதலாகத் தரப்படுகிறது, எதையும் நிறுத்தப் போவதில்லை என்றால் எனக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. அவற்றில் ஒன்றை நிறுத்திவிட்டுத்தான் இதைத் தருவோம், அல்லது ஆய்வு முடியும்வரை புதிதாக எதையும் சேர்க்க மாட்டோம் என்று சொன்னால், என் சொந்த அப்பாவாக இருந்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்புறம், இதுவரை இந்த மருந்து சாப்பிட்டவர்களுக்கு என்ன கெடுதல் வந்தது, எத்தனை முறை வர வேண்டும், எத்தனை தடவை ரத்தம் எடுப்பார்கள், ராத்திரியில் மூச்சு வாங்கினால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும், ஆய்வு முடிந்த பிறகு அந்த மாத்திரை கிடைக்குமா என்று கேளுங்கள். பதில்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வில் சேர்ந்தவர்களை அடிக்கடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள், எடை, ரத்த அழுத்தம், பொட்டாசியம் எல்லாம் கவனிப்பார்கள். அந்தக் கவனிப்பு நல்லதுதான், மறைக்க மாட்டேன். ஆனால் அது ஆய்வில் சேராதவருக்கும் கிடைக்க வேண்டியது. அப்பா வேண்டாம் என்று முடிவெடுத்தால், அங்கிருந்து கிளம்புவதற்கு முன் அடுத்த செக்கப் தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்த்து ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் செக்கப் தேதிவரை காத்திருக்காமல் அழைத்துப் போங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே உப்பு ஓரளவு குறையும்.

சேர்வது என்று முடிவெடுத்தால் ஆய்வு எண்ணும் டாக்டரின் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டை ஒன்று தருவார்கள். அப்பா அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கட்டும். பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக் போனாலும், மருந்துக் கடையில் முட்டி வலிக்கு மாத்திரை கேட்டாலும் முதலில் அந்த அட்டையைக் காட்ட வேண்டும். முட்டி வலி மாத்திரைகளில் பல இதயம் பலவீனமானவர்களுக்குத் தண்ணீரைக் கோத்து மூச்சுத்திணறலைக் கொண்டுவரும், அதனால் ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் டாக்டரைக் கேட்காமல் அதை மட்டும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.